என் பிறப்புப் பத்திரமும் மகனின் உதைபந்தாட்டமும்

மகனுக்கு அந்தச் செய்தி இன்ஸ்டாகிராமில் வந்தது. 2024 ஒக்டோபர், ஒரு திங்கட்கிழமை இரவு. இலங்கைத் தேசிய அணிக்கு வெளிநாட்டில் ஆடுகிற வீரர்களைத் தேடுகிறோம், உங்கள் பெற்றோர் எந்த ஊர் என்று நாலே வரி. மூன்று நாள் அவன் அதைப் பொருட்படுத்தவில்லை. துருக்கியில் இடம் இருக்கிறது, சைப்பிரஸில் இடம் இருக்கிறது என்று கிழமைக்கு ஒரு முகவர் எழுதுவதும், கடைசியில் காசு கேட்பதும் அவனுக்குப் பழகிப் போயிருந்தது.

சக வீரன் ஒருவன் சொன்ன கதைதான் அவனைத் திரும்பிப் பார்க்க வைத்தது. ரொபேர்ட்டோ லோப்பஸ் டப்ளினில் பிறந்து வளர்ந்த பாதுகாப்பு வீரர். தகப்பன் கேப் வேர்டே தீவுகளைச் சேர்ந்தவர். 2018 இல் அந்த நாட்டு அணியின் பயிற்றுவிப்பாளர் லிங்க்ட்இன் வழியாகப் போர்த்துக்கீச மொழியில் அவருக்கு எழுதினார். வேண்டாத விளம்பரம் என்று நினைத்து லோப்பஸ் அதை அப்படியே விட்டுவிட்டார். பல மாதம் கழித்து ஆங்கிலத்தில் இன்னொரு செய்தி வந்த பிறகுதான் பழையதை மொழிபெயர்த்துப் பார்த்தாராம். 2019 இல் கேப் வேர்டேக்கு ஆடத் தொடங்கினார். மகனுக்குச் செய்தி வந்து ஒரு வருடம் கழித்து, 2025 ஒக்டோபரில் அந்தச் சின்ன நாடு முதல் தடவையாக உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றபோதும் அவர் அந்த அணியின் வீரர். இந்த லிங்க்ட்இன் கதையைக் கேட்ட அன்றே மகன் பதில் போட்டான்: அப்பா பருத்தித்துறை, அம்மா மானிப்பாய்.

எனக்கு அடுத்த நாள்தான் சொன்னான். நான் முதலில் கேட்டது, "உன்ரை கழகத்துக்குத் தெரியுமோ?" என்றுதான். இது முக்கியம். இப்படி வருகிற செய்தியை உடனே நம்பவும் வேண்டாம், தூக்கி எறியவும் வேண்டாம். அவன் தன் கழக மேலாளரிடம் சொன்னான், அவர் இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் உத்தியோகபூர்வ முகவரிக்கு எழுதிக் கேட்டார், இரண்டு கிழமையில் கடிதத் தலைப்போடு பதில் வந்தது. ஒரு தேசிய அணி வீரரை அழைப்பதென்றால் சர்வதேச ஆட்ட காலம் (தேசிய அணிகள் ஆடுவதற்கென்று ஒதுக்கிய நாட்கள்) தொடங்குவதற்குக் குறைந்தது 15 நாளுக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும், கழகத்துக்கும் அறிவிக்க வேண்டும் என்பது ஃபிஃபா விதி. கழகத்துக்குச் சொல்லாமல் வா என்றோ, பதிவுக்குக் காசு கட்டு என்றோ யாராவது கேட்டால் கதையை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

நான் 1988 இல், 20 வயதில் நோர்வேக்கு வந்தவன். முதல் வேலை வடக்கே ஃபின்மார்க்கில், மீன் ஆலையில். அந்தக் காலத்தில் அங்கே பல மீன்பிடி ஊர்களில் எங்கள் பெடியன்கள்தான் வெட்டு மேசைகளில் நின்றார்கள். ரப்பர் சப்பாத்து, விரல் விறைக்க வெட்டுகிற கொட் மீன், இரண்டு மாதம் சூரியனே எழும்பாத குளிர்காலம். கோடையில் இரவு பதினொரு மணிக்கும் வெயில் நிற்கும். வேலை முடிந்ததும் சரளைக்கல் மைதானத்தில் நோர்வேக்காரரோடு பந்து அடிப்போம். 1998 ஜூன் 23 அன்று மார்செய் நகரில் நோர்வே பிரேசிலை 2-1 என்று வென்றதை ஆலைச் சாப்பாட்டறையில் இருந்து பார்த்தோம். 88 ஆவது நிமிடத்தில் ரெக்டால் பெனால்டி அடித்தபோது நானும் கதிரைக்கு மேல் ஏறிக் குதித்தேன். அதற்கு அடுத்த வருடம் கலியாணம், பிறகு ஒஸ்லோ. மகன் 2001 இல் பிறந்தான். ஆறு வயதில் அவனைக் கழகத்தில் சேர்த்த நாளிலிருந்து நானும் மனைவியும் மைதானத்துக் கடையில் நின்று வாஃபிள் சுட்டு விற்றிருக்கிறோம், வீடு வீடாகப் போய்க் கழிவறைக் காகிதம் விற்றிருக்கிறோம். நோர்வேயில் பெற்றோரின் இந்த உழைப்பில்தான் சிறுவர் கழகங்கள் ஓடுகின்றன. டுக்னாட் என்பார்கள்.

ஆகவே வீட்டில் எழுந்த முதல் கேள்வி, நோர்வேக்கு ஏன் ஆடக்கூடாது என்பதுதான். அதற்கு நேர்மையான பதில் மகனிடமே இருந்தது. அவன் மூன்றாம் நிலை லீக்கில் ஒப்பந்தத்தோடு ஆடுகிறவன். 16 வயதுக்குட்பட்டோர் பயிற்சி முகாமுக்கு ஒரு தடவை அழைக்கப்பட்டான், அத்தோடு சரி. ஹாலண்டும் ஒடெகார்டும் இருக்கிற அணி அது. 1998 க்குப் பிறகு முதல் தடவையாக 2026 உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்ற அணி. "அப்பா, அங்கேயிருந்து எனக்கு அழைப்பு வராது. அதுக்காகக் காத்திருந்தால் முப்பது வயசாயிடும்" என்றான். தன் பிள்ளையின் தரத்தை இப்படி நேராகப் பார்ப்பது ஒரு தகப்பனுக்கு லேசில்லை. ஆனால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இல்லாத ஒரு தேர்வை மனதில் வைத்துக்கொண்டு இருக்கிற தேர்வை எடைபோட முடியாது.

இலங்கை அணியை அவன் ஏற்கெனவே கவனித்து வந்திருக்கிறான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. 2023 ஜனவரியில் ஃபிஃபா இலங்கைச் சம்மேளனத்தைத் தடை செய்ததும், ஓகஸ்டில் தடை நீங்கியதும், 2024 செப்டெம்பரில் கம்போடியாவைப் பெனால்டியில் வென்று 2027 ஆசியக் கிண்ணத் தகுதிகாண் இறுதிச் சுற்றுக்குள் நுழைந்ததும் அவனுக்கு மனப்பாடம். தரவரிசையில் 200 க்கும் பின்னால் கிடந்த அணி. வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த பெடியன்கள் ஒவ்வொருவராக வந்து சேர, அது எழும்பத் தொடங்கியிருந்தது. அதில் தானும் ஒருவனாக இருக்க விரும்பினான். இதைக் கிடைக்காததால் எடுத்த முடிவு என்று சிலர் சொன்னார்கள். 2022 உலகக் கிண்ணத்தில் அரையிறுதி வரை போன மொரோக்கோ அணியின் 26 பேரில் 14 பேர் வேறு நாடுகளில் பிறந்தவர்கள். மட்ரிட்டில் பிறந்த ஹக்கிமியைப் பார்த்து, ஸ்பெயின் கிடைக்காததால் வந்தவர் என்று யாரும் சொல்வதில்லை.

ஆனால் எங்களுடைய தயக்கம் வேறு வகை. வீட்டு வரவேற்பறையில் மனைவியின் தம்பியின் படம் இருக்கிறது. போரில் இறந்தவர். அவருடைய வேறு நல்ல படம் கிடைக்கவில்லை, பள்ளிக்கூட உதைபந்தாட்ட அணியின் குழுப்படத்திலிருந்து அவரை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாக்கினோம். வலது தோளில் பக்கத்துப் பெடியனின் கை இருக்கும். கை மட்டும். உடம்பும் முகமும் வெட்டுப்பட்டுப் போயின.

மகன் விஷயத்தைச் சொன்ன இரவு மனைவி கதைக்கவில்லை. அடுத்த நாள் குசினியில் நின்றபடி என்னிடம் கேட்டாள், "அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு இந்தப் படத்துக்கு முன்னாலை வந்து நிற்பானோ?" என்னிடம் பதில் இல்லை. கிழமை முடிவதற்குள் செய்தி எப்படியோ பரவிவிட்டது. கனடாவிலிருந்து என் அண்ணை தொலைபேசி எடுத்தார். நவம்பரில் சர்வதேச ஆட்ட காலம் வருமே, போரில் இறந்தவர்களை நினைவுகூருகிற கார்த்திகை மாதத்தில் அந்தச் சட்டையைப் போடுவானோ என்று ஒரு பழைய நண்பர் கேட்டார். அவர்களை நான் குறை சொல்லவில்லை. எங்கள் தலைமுறையில் இந்தக் கேள்வியைக் கேட்காதவர் இருக்க முடியாது, நானும் எனக்குள் கேட்டேன். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருந்தேன். "அவனிடம் கேட்கவேண்டாம், என்னிடம் கேளுங்கோ" என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். 23 வயதுப் பெடியன் காலையில் பயிற்சிக்குப் போகும்போது எங்கள் முப்பது வருடத்தையும் தோளில் சுமந்துகொண்டு போகக்கூடாது. பெற்றோராக நாங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி அந்தத் தொலைபேசிகளை நாங்களே எடுப்பதுதான்.

அவன் அரசியல் தெரியாத பிள்ளையும் இல்லை. 2014 ஜூனில், அவனுக்கு 13 வயது, ஸ்வீடனின் ஒஸ்டர்சுண்டில் ஃபிஃபாவில் சேராத அணிகளுக்கான கொனிஃபா உலகக் கிண்ணம் நடந்தது. புலம்பெயர்ந்த பிள்ளைகள் சேர்ந்த தமிழீழ அணி அதில் ஆடியது. ஒஸ்லோவிலிருந்து ஏழெட்டு மணிநேரம் கார் ஓட்டி அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். தன் நிறத்தில், தன் மொழியில் கத்துகிற ஒரு அணியை முதல் தடவை பார்த்து வாய் பிளந்து நின்றான். இடையில் ஒன்று: கொனிஃபா ஆட்டங்கள் ஃபிஃபாவின் கணக்கில் வருவதில்லை. அங்கே ஆடிய பிள்ளை பிறகு எந்தத் தேசிய அணிக்கு ஆடுவதற்கும் அது தடையாகாது. பலர் இதைத் தெரியாமல் பயப்படுகிறார்கள்.

மனைவியின் மனம் இளகியது எங்கள் விளக்கங்களால் இல்லை. ஒரு ஞாயிறு மகன் சாப்பிட வந்திருந்தான். படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "அம்மா, மாமாவின்ரை தோளிலை இருக்கிற கை ஆருடையது?" என்று கேட்டான். இருபது வருடமாக அந்தப் படம் அங்கே தொங்குகிறது, ஒருவரும் கேட்டதில்லை. அவள் கதிரையில் இருந்தாள். அது கோல் காவலன், அடுத்த ஒழுங்கைப் பெடியன், இரண்டு பேரும் ஒரே சைக்கிளில்தான் ஆட்டத்துக்குப் போவார்கள் என்றாள். தம்பி இடது பக்கம் ஓடுகிறவன், வலது காலால் பந்தைத் தொடவே மாட்டான் என்றாள். மகனும் இடது காலன். அன்று இரண்டு மணிநேரம் தம்பியைப் பற்றி, அவன் எப்படி இறந்தான் என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கதைத்தாள். கடைசியில், "நான் பார்க்க வரமாட்டன். போகவேண்டாம் எண்டும் சொல்லமாட்டன்" என்றாள். அது போதும் என்று மகன் சொன்னான்.

சரி, முடிவெடுத்தாயிற்று என்று நினைத்தோம். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

ஃபிஃபாவுக்கு இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, அந்த நாட்டின் பிரஜாவுரிமை. பரம்பரை, இரத்தம், மொழி எதுவும் கடவுச்சீட்டுக்கு ஈடாகாது. இரண்டாவது, எங்கள் மகனைப் போலப் பிறகு இன்னொரு நாட்டுப் பிரஜாவுரிமை எடுக்கிறவன் ஒரு தொடர்பு காட்ட வேண்டும்: தானோ, தாய் தகப்பனோ, பாட்டன் பாட்டியில் ஒருவரோ அந்த மண்ணில் பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவன் அங்கே ஐந்து வருடமாவது வாழ்ந்திருக்க வேண்டும். எங்களுக்கு அந்தத் தொடர்பு நான். 1968 இல் மந்திகை ஆஸ்பத்திரியில் நான் பிறந்தேன் என்று சொல்கிற ஒரு கடுதாசி.

என்னிடம் இருந்த பிரதி எந்த இடப்பெயர்விலோ தொலைந்து போயிருந்தது. பருத்தித்துறையில் இருக்கிற தங்கச்சி பிரதேச செயலகத்துக்குப் போய் விண்ணப்பித்தாள். பதிவு இலக்கம் தெரியாததால் வருடத்தையும் மாதத்தையும் சொல்லித் தேடச் சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாம் தடவை போனபோது கிடைத்தது. பழைய பதிவுப் புத்தகத்தின் பக்கத்தை அப்படியே பிரதி எடுத்து, முத்திரை குத்திக் கொடுத்திருந்தார்கள். வட்ஸ்அப்பில் படத்தை அனுப்பினாள். நான் வேலைக்குப் போகிற ரயிலில் இருந்தேன். தகவல் கொடுத்தவர் என்ற கூட்டுக்குள் அப்பாவின் கையெழுத்து. கடைசி எழுத்தின் வாலைக் கீழே இழுத்து, அதற்கடியில் இரண்டு புள்ளி வைப்பார். அப்பா இறந்து பல வருடம், அவருடைய கடிதங்கள் ஒன்றும் என்னிடம் மிஞ்சவில்லை. இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

அடுத்தது எழுத்துக்கூட்டல். இதில்தான் நாங்கள் அதிக நாட்களை இழந்தோம், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பிறப்புப் பத்திரம் தமிழில் இருக்கிறது. மொழிபெயர்த்தவர் அப்பாவின் பெயரில் 'ச'வுக்கு ஆங்கிலத்தில் எஸ் மட்டும் போட்டார். 1988 இல் எடுத்த என் இலங்கைக் கடவுச்சீட்டில் எஸ் எச். நோர்வேயில் அப்பாவின் பெயர் எனக்குக் குடும்பப் பெயராகி, நடுவில் ஓர் எழுத்தும் குறைந்து போயிருந்தது. மகனுக்கு அந்தக் குறைந்த பெயர்தான் வந்தது. எங்களுக்கு இது ஒரே ஆள். பத்திரங்களைப் பார்க்கிறவருக்கு மூன்று ஆட்கள். மூன்றும் ஒருவரே என்று சட்டத்தரணி மூலம் சத்தியக்கடதாசி முடித்து, மொழிபெயர்ப்பையும் திரும்பச் செய்ய இரண்டு மாதம் போயிற்று. மொழிபெயர்க்கக் கொடுக்கும்போதே உங்கள் பழைய கடவுச்சீட்டின் பிரதியையும் கொடுத்து, இதிலிருக்கிறபடியே பெயரை எழுதுங்கள் என்று சொல்லிவிடுங்கள். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்கள் இதைச் செய்வார்கள். நாங்கள் சொல்லவில்லை, அதனால் அவர்கள் தமக்குத் தெரிந்தபடி எழுதினார்கள்.

நோர்வேப் பக்கத்தில் அவ்வளவு சிரமம் இல்லை. மகனின் பிறப்புச் சான்றிதழை வரித் திணைக்களம் கொடுக்கிறது, மக்கள் பதிவேடு அவர்களிடம்தான் இருக்கிறது. பொலிஸ் சான்றிதழ், எங்கள் கலியாணப் பதிவு, பிரஜாவுரிமைச் சான்று எல்லாவற்றிலும் மூலமும் மூன்று பிரதியும் வைத்தோம். ஒஸ்லோவில் இருந்த இலங்கைத் தூதரகம் 2022 ஏப்ரல் கடைசியில் மூடப்பட்டதால் ஸ்டொக்ஹோமுக்குத்தான் போக வேண்டியிருந்தது. கலியாணப் பதிவின் மூலத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போனதால் இரண்டு தடவை. ஆறு மணிநேரப் பயணம், மகனுக்குப் பயிற்சி இல்லாத நாளாகவும் இருக்க வேண்டும்.

கருமபீடத்தில் கேட்ட கேள்வி இரண்டு. மகன் பிறந்தபோது தகப்பன் எந்த நாட்டுப் பிரஜை? பிறப்பை ஒரு வருடத்துக்குள் பதிந்தீர்களா? முதலாவதற்கு நல்ல பதில் இருந்தது, 2001 இல் நான் இன்னும் இலங்கைப் பிரஜை. நோர்வேப் பிரஜாவுரிமை 2004 இல்தான் எடுத்தேன். இரண்டாவதற்கு, இல்லை. பிந்திப் பதிவதற்குக் காரணம் எழுதித் தரச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து அந்தக் காரணத்தை எழுத எனக்கு ஒரு கிழமை எடுத்தது. மறந்துவிட்டோம் என்று எழுதலாம் என்றார் ஒரு நண்பர். நாங்கள் மறக்கவில்லை. அந்தக் காலத்தில் தூதரகத்துக்குள் காலடி வைக்க எங்களுக்குத் துணிவில்லை. கடைசியில் அதையே எழுதினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

ஒவ்வொரு குடும்பத்தின் திகதிகளும் வேறு, ஆகவே எங்கள் வழி உங்களுக்குப் பொருந்தாமலும் போகலாம். நீங்கள் எந்தத் திகதியில் எந்த நாட்டுப் பிரஜை, பிள்ளை எந்தத் திகதியில் பிறந்தது என்பதை ஒரு கடுதாசியில் எழுதி வைத்துக்கொண்டு கேளுங்கள். கேள்வி தெளிவாக இருந்தால் அதிகாரிகளும் தெளிவாகப் பதில் சொல்கிறார்கள். பிள்ளை இருக்கிற நாட்டின் சட்டத்தையும் பாருங்கள். நோர்வே இரட்டைப் பிரஜாவுரிமையை அனுமதித்தது 2020 ஜனவரி 1 இலிருந்துதான். அதற்கு முன் என்றால் மகன் நோர்வேப் பிரஜாவுரிமையை இழந்திருப்பான், நான் இந்த விஷயத்தை ஒரு நாளும் ஆதரித்திருக்கமாட்டேன். இங்கே எங்களோடு பழகுகிற தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்றின் பெடியனும் நன்றாக ஆடுவான். அவர்களுக்கு அந்தக் கதவு இல்லை. இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை, இந்தியக் கடவுச்சீட்டு இல்லாதவர் தேசிய அணிக்கு ஆடவும் முடியாது. பெங்களூரு கழகத்துக்கு ஆடுகிற ரயன் வில்லியம்ஸ் 2025 இல் ஆஸ்திரேலியக் குடியுரிமையை விட்டுக் கொடுத்துத்தான் இந்தியராக வேண்டியிருந்தது. அதே வருடம் மார்ச் 25 அன்று ஷில்லாங்கில் இந்தியாவுக்கு எதிராக பங்களாதேஷ் சட்டையோடு இறங்கிய ஹம்சா சவுத்ரிக்கு அந்த நிலை இல்லை. இங்கிலாந்தில் பிறந்தவர், தாயின் நாட்டுக் கடவுச்சீட்டையும் எடுத்துக்கொண்டு வந்து ஆடினார்.

எல்லாம் முடிந்து மகனின் கையில் இலங்கைக் கடவுச்சீட்டு வர 11 மாதம்.

அந்த 11 மாதத்தில் கழகத்தில் பயிற்றுவிப்பாளர் மாறிவிட்டார். சர்வதேச ஆட்ட காலத்தில் வீரரை விடுவதற்குக் கழகம் கடமைப்பட்டது, அது விதி. ஆனால் கீழ் லீக்குகள் அந்த நாட்களில் எப்போதும் நிற்பதில்லை. மகன் கொழும்பில் இருக்கும்போது இங்கே ஒரு லீக் ஆட்டம் நடக்கும், அவனுடைய இடத்தில் இன்னொருவன் ஆடுவான், அவன் நன்றாக ஆடிவிட்டால் இடம் போகும். இதை எந்த விதியும் காப்பாற்றாது. அவன் புதியவரிடம் நேராகப் போய் எத்தனை நாள், எந்த ஆட்டம் தவறும், எப்போது திரும்புவேன் என்று திகதிகளோடு எழுதிக் கொடுத்தான். அவருக்கு அது பிடித்திருந்தது. காயம் பட்டால் என்ன என்று நான் கேட்டேன். 2012 இலிருந்து ஃபிஃபாவிடம் கழகப் பாதுகாப்புத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. சர்வதேச அட்டவணையில் உள்ள தேசிய அணி ஆட்டத்துக்குப் போய்க் காயப்பட்டு 28 நாளுக்கு மேல் ஆட முடியாமல் போனால், அதற்குப் பிறகு வீரரின் நிலையான சம்பளத்தைக் கழகத்துக்கு அவர்கள் ஈடு செய்வார்கள். எங்களுடையதைப் போன்ற சின்னக் கழகத்துக்கு இது பெரிய ஆறுதல். மேலாளருக்கே இது தெரியாமல் இருந்தது, மகன்தான் விதியை அச்செடுத்துக் கொண்டு போய்க் காட்டினான்.

முகாமுக்கு டோஹா வழியாகப் போனான். ஒஸ்லோவில் பனி கரையாத காலம், கொழும்பில் முப்பது பாகைக்கு மேல் வெக்கை, வேர்வை காயாத ஈரக்காற்று. முதல் மூன்று நாளும் தலையிடி, சாப்பிட முடியவில்லை. செயற்கைப் புல்லில் வளர்ந்த பிள்ளைக்கு ரேஸ்கோர்ஸ் மைதானத்து இயற்கைப் புல்லில் பந்து வேறு மாதிரி வந்தது. இரண்டு வகைச் சப்பாத்துக் கொண்டுபோனது நல்லதாய்ப் போயிற்று. இங்கேயே இரண்டு கிழமைக்கு முன்பிருந்து சவுனாவில் இருந்து உடம்பைப் பழக்கியிருக்கலாம் என்று பிறகு சொன்னான்.

இரண்டாம் இரவு தொலைபேசி எடுத்தான். "அப்பா, என்ரை அறையிலை இருக்கிறவர் கடற்படைக் கழகத்துக்கு விளையாடுறவர்." இலங்கையில் தரைப்படை, கடற்படை, விமானப்படை, பொலிஸ் எல்லாவற்றுக்கும் பெரிய உதைபந்தாட்டக் கழகங்கள் உண்டு, தேசிய வீரர் பலருக்கு அங்கேதான் வேலையும் சம்பளமும். எனக்கு இது தெரிந்த விஷயந்தான். ஆனாலும் என் மகனின் வாயால் கேட்டபோது வயிற்றுக்குள் ஏதோ இறுகியது. என்ன சொல்வதென்று தெரியாமல் இருந்தேன். அவனே தொடர்ந்தான். "எனக்குத் தலையிடி எண்டு கண்டுட்டுத் தண்ணிப் போத்தலுக்குள்ளை உப்பும் சீனியும் கலந்து தந்தவர். ராத்திரி எழும்பி இன்னொருக்கா கலந்து வைச்சவர்." அவருக்குத் தமிழ் தெரியாது, இவனுக்குச் சிங்களம் தெரியாது, இரண்டு பேருக்கும் அரைகுறை ஆங்கிலம். வமட்ட என்றால் இடது பக்கம், தகுணட்ட என்றால் வலது பக்கம். மைதானத்தில் கத்த வேண்டிய சொற்களை அவர் எழுதிக் கொடுக்க, இவன் தமிழில் எழுதிக் கொடுத்தான். அணியில் இருந்த மன்னார்ப் பெடியன்கள் தமிழில் கதைத்தார்கள். ஒஸ்லோச் சனிக்கிழமைப் பள்ளித் தமிழைக் கேட்டு அவர்களுக்கு ஒரே சந்தோஷம்.

வெளிநாட்டிலிருந்து போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. நீங்கள் போவதால் ஒரு உள்ளூர் வீரர் அணியிலிருந்து வெளியே போகிறார். பல வருடம், வேலைக்கும் போய்க்கொண்டு, அந்தச் சட்டைக்காகவே ஆடியவராக அவர் இருப்பார். மகன் முதல் நாளே அதைக் கண்டான். சாப்பாட்டில், படுக்கையில், பயண ஒழுங்கில் வேறு யாருக்கும் இல்லாத எதையும் கேட்கவில்லை. பந்துகளைப் பொறுக்கிப் பையில் போடுகிற வேலையையும் தானே செய்தான். ஐரோப்பாவிலிருந்து வந்தவன் என்ற பெயரை விட இது அவனுக்குக் கூட உதவியது.

நான் தனியாக ஆட்டம் பார்க்கப் போனேன். நட்பு ஆட்டம். தேசிய கீதத்துக்கு எல்லோரும் எழும்பியபோது நானும் எழும்பினேன். கால்கள் எழும்பின, மனம் பிந்தி வந்தது. வரிசையில் எங்கள் வீட்டு மூக்கோடு ஒரு பெடியன் நின்றான், நான் அவனை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். 81 ஆவது நிமிடத்தில் இறக்கினார்கள். ஒன்பது நிமிடத்தில் பந்து அவனிடம் ஐந்து தடவை வந்தது, எண்ணினேன். ஒரு பாஸ் வெளியே போயிற்று. ஒரு தடவை இடது ஓரத்தில் இரண்டு பேரைத் தாண்டி ஓடினான், எனக்குப் பின்னால் இருந்த ஒரு குடும்பம் சிங்களத்தில் அவனுடைய இலக்கத்தைச் சொல்லிக் கத்தியது.

நட்பு ஆட்டம் ஒருவரைக் கட்டாது. தகுதிகாண் ஆட்டம் கட்டும். 2014 இல் முனீர் எல் ஹடாதி ஸ்பெயினுக்காக ஒரு தகுதிகாண் ஆட்டத்தில் கடைசி 13 நிமிடம் ஆடினார், அப்போது 19 வயது. அந்த 13 நிமிடத்துக்காக மொரோக்கோவுக்கு ஆட முடியாமல் வருடக்கணக்கில் காத்திருந்தார். 2020 இல் ஃபிஃபா விதியைத் தளர்த்திய பிறகுதான் வழி பிறந்தது. 21 வயதாகும் முன், நட்பு ஆட்டங்களையும் சேர்த்து மூன்றுக்கு மேற்படாத ஆட்டங்கள் ஆடியவர், மூன்று வருடம் கழித்து மாறலாம், உலகக் கிண்ணம் போன்ற இறுதிச் சுற்றுகளில் ஆடியிருக்கக் கூடாது. மகனுக்கு 21 தாண்டிவிட்டது. ஆகவே அடுத்த தகுதிகாண் ஆட்டத்தில் ஒரு நிமிடம் இறங்கினாலும் அதோடு முடிந்தது. அன்று இரவு ஹோட்டல் வாசலில் நின்று இதை அவனுக்கு இன்னொரு தடவை விளங்கப்படுத்தினேன். "தெரியும் அப்பா. நான் வாசிச்சிட்டுத்தான் வந்தனான்" என்றான்.

பிறகு இரண்டு பேருமாகப் பருத்தித்துறைக்குப் போனோம். அப்பம்மா இருந்த வீட்டைப் பார்த்தான், மந்திகை ஆஸ்பத்திரி வாசலில் என்னை நிறுத்திப் படம் எடுத்தான். மானிப்பாயில் மாமாவின் பழைய ஒழுங்கைக்கும் போனோம். அந்தக் கோல் காவலன் பெடியனைப் பற்றி விசாரித்தோம். குடும்பம் எங்கேயோ போய்விட்டதாகச் சொன்னார்கள்.

அவன் இப்போது அடுத்த அழைப்புக் கடிதத்துக்காக இருக்கிறான். மற்றத் தமிழ்ப் பெற்றோர் எங்களுக்குத் தொலைபேசி எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். டென்மார்க்கிலிருந்து ஒரு தாய், 17 வயது மகள். பேர்கனிலிருந்து ஒரு தகப்பன். நான் வேலையால் வர ஆறு மணியாகும், அதற்குள் மனைவி எடுத்துவிடுகிறாள். போன கிழமை நான் கதவைத் திறந்தபோது குசினியிலிருந்து அவளுடைய குரல் கேட்டது. "அதெல்லாம் பேந்து பார்க்கலாம். முதல்லை அவரின்ரை பிறப்புப் பத்திரத்தை எடுங்கோ. பேர் எப்பிடி எழுதியிருக்கு எண்டு வடிவாப் பாருங்கோ."